திரவ ஹீலியக் கலனோடு ஆள் ஏறக் கூடாது: எமது நிலைப்பாடு

ரொறன்ரோவின் ஆய்வுகூடங்களுக்குத் திரவ ஹீலியம் கொண்டுவரும் சாரதிகளும், அதைப் பொறுப்பேற்கும் பணியாளர்களும், அதை வைத்து ஆய்வு செய்யும் மாணவர்களும் சேர்ந்த தமிழர் அமைப்பு எமது. ஹீலியக் கலன் போகும் மின்தூக்கியில் ஆளும் ஏறலாமா என்ற கேள்விக்கு எமது பதில்: ஏறக் கூடாது. ஒரு மாடிதானே என்றாலும், நேரம் போகிறது என்றாலும் ஏறக் கூடாது.

இந்த நகரத்துக்குத் திரவ ஹீலியம் புதிதன்று. 1908இல் ஒல்லாந்தின் லெய்டன் நகரில் கமர்லிங் ஒன்னஸ் ஹீலியத்தை முதன்முதலில் திரவமாக்கினார். உலகிலேயே அடுத்ததாக அதைச் செய்தது ரொறன்ரோப் பல்கலைக்கழகம். பேராசிரியர் ஜோன் மக்லெனனின் ஆய்வுகூடத்தில் 1923 ஜனவரி 10ஆம் திகதி அது நடந்தது. சென் ஜோர்ஜ் வீதியில் இருக்கும் பௌதிகவியல் கட்டடம் இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்தத் திரவத்தைக் கையாண்டு வரும் நகரத்திடம் நாம் கேட்பது பெரிதொன்றும் இல்லை.

மின்தூக்கியை நாம் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்பதற்குக் கணக்கே போதும். ஹீலியம் கொதிப்பது மறை 269 பாகை செல்சியஸில். ஒரு லீற்றர் திரவம் ஆவியாகி அறை வெப்பநிலைக்கு வந்தால் சுமார் 750 லீற்றர் வாயு. ஒன்றரை மீற்றர் அகலம், இரண்டு மீற்றர் நீளம், 2.3 மீற்றர் உயரம் கொண்ட மின்தூக்கிக்குள் 7 கன மீற்றர் காற்றுக்கூட இல்லை. வெறும் பத்து லீற்றர் திரவம் ஆவியானாலே 7.5 கன மீற்றர் வாயு வந்துவிடும். நாம் ஏற்றுவதோ நூறு லீற்றர் கலன். அதன் வெற்றிடக் காப்பு நல்ல நிலையில் இருக்கும்வரை நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு வீதம்தான் ஆவியாகும். வாசற்படியில் இடிபட்டோ பனியில் சறுக்கி விழுந்தோ அந்தக் காப்பு உடைந்தால் கொதிப்பு நிமிடக் கணக்காகிவிடும். அந்த நேரம் பார்த்து மின்தூக்கி இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றால் உள்ளே இருப்பவர் எங்கே போவார்?

ஹீலியத்துக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சுத் திணறுவது போன்ற உணர்வைத் தருவது உடலில் சேரும் காபனீரொக்சைட்டு. ஹீலியத்தைச் சுவாசிக்கும்போது அது சேர்வதில்லை. ஒக்சிசன் இல்லாத காற்றை ஓரிரு தடவை இழுத்தாலே, தனக்கு என்ன நடக்கிறது என்று உணருமுன் ஆள் சரிந்துவிடுவார். சூடேறிய ஹீலியம் மேலே போய்க் கூரையோடு தங்கும். ஆகவே ஹீலியம் கையாளும் அறைகளில் ஒக்சிசன் எச்சரிக்கைக் கருவியை உயரத்தில் பொருத்த வேண்டும். நைதரசனுக்காகத் தாழ்வாகப் பொருத்திய கருவியை நம்பி இருக்க முடியாது. ஒக்சிசன் 19.5 வீதத்துக்குக் கீழே போனால் அபாயம் என்று ஒன்ராறியோவின் மூடிய இடங்களுக்கான விதியே வரையறுக்கிறது.

கலனை ஏற்றும் முறை எளிது. கீழே ஒருவர் கலனை உள்ளே தள்ளி, "ஏற வேண்டாம்" என்ற பலகையைக் குறுக்கே சங்கிலியில் தொங்கவிட்டு, மின்தூக்கியை அனுப்ப வேண்டும். மேலே ஒருவர் நின்று எடுக்க வேண்டும். இடையில் எந்த மாடியிலும் கதவு திறக்காதபடி சாவியால் பூட்ட வேண்டும். இதற்கு இன்னோர் ஆள் வேண்டுமே, செலவாகுமே என்பார்கள். ஆகட்டும். அந்தச் செலவை ஹீலியத்தின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுவது நிறுவனத்தின் கடமை. சாரதி அதைத் தன் உயிரால் ஈடுகட்ட முடியாது.

கலனை யாரிடமும் ஒப்படைக்காமல் சரக்கிறக்கும் இடத்தில் விட்டுப் போவதையும் நாம் எதிர்க்கிறோம். கழுத்து வழியாகக் காற்று உள்ளே புகுந்தால் அது அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். உள்ளே திரவம் ஆவியாகிக்கொண்டே இருக்கும், அமுக்கம் ஏறிக்கொண்டே போகும். பெற்றுக்கொள்பவர் முதலில் அமுக்கமானியைப் பார்க்க வேண்டும், பிறகு பாதுகாப்பு வால்வுகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் கையெழுத்து. 2006 ஜனவரியில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு வால்வைக் கழற்றி அடைத்து வைத்திருந்த திரவ நைதரசன் கலன் ஒன்று வெடித்துக் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போனது. அதிகாலையில் நடந்ததால் அங்கே எவரும் இருக்கவில்லை. ஹீலியம் அதைவிடக் குளிர்ந்தது, அதைவிட எளிதில் ஆவியாவது.

பயிற்சியைப் பணியாளருக்குப் புரியும் மொழியில் கொடுங்கள் என்றும் கேட்கிறோம். ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளில் ஒப்பம் வாங்கிக் கோப்பில் வைப்பதைப் பயிற்சி என்று நாம் ஏற்க மாட்டோம். தமிழில் விளக்கவுரையும் படவிளக்கமும் ஆக்கித் தர எமது உறுப்பினர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். கேட்கும் நிறுவனத்துக்குக் கட்டணமின்றித் தருவோம்.

உறவுகளே, கலனோடு சேர்ந்து மேலே போகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையை ஒன்ராறியோவின் தொழில் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவு தருகிறது. அப்படி மறுத்தவரைப் பழிவாங்குவதை 50ஆம் பிரிவு தடைசெய்கிறது. மறுத்த உடனே மேற்பார்வையாளருக்குச் சொல்லுங்கள், பிறகு எமக்கும் சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் நாம் நிற்போம்.