தொண்ணூறு நிமிட ஒற்றுமை

மலேசிய நாட்டில் 2016ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் 'ஓலா போலா' என்றொரு திரைப்படம் வெளிவந்தது. சியூ கெங் குவான் இயக்கிய கால்பந்தாட்டக் கதை அது. மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் ஒரே சட்டையணிந்து, ஒரே கொடிக்காக ஆடி வென்ற கதை. கண்டவர் கண்கலங்கினர், நாட்டொற்றுமைக்கு நல்லதொரு சாட்சி கிடைத்ததென மகிழ்ந்தனர். ஆனால் அவ்வாண்டு ஆகஸ்ட் திங்களில் நடந்ததென்ன? மலேசியத் திரைப்பட விழாவினர் சிறந்த படத்துக்கான போட்டியில் இதனை மற்றப் படங்களோடு சேர்க்காமல், 'மலாய் மொழி அல்லாத படங்கள்' என்னும் தனி வரிசையில் ஒதுக்கி வைத்தனர். எழுபது விழுக்காடேனும் மலாய் பேசவேண்டும் என்பது விதியாம். நாட்டின் ஒற்றுமையைப் பாடிய படம் நாட்டின் படமாக எண்ணப்படவில்லை!

இம்முரணைக் கண்டு நகைத்துவிட்டுப் போவது எளிது. நாம் அவ்வாறு போக விரும்பவில்லை. ஏனெனில் ஒற்றுமை என்று நாம் எதனைக் கொண்டாடுகிறோம் என்ற கேள்வி இங்கே கிடக்கிறது.

முதலில் வரலாறு. 1980 மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்கான தகுதிச்சுற்று கோலாலம்பூரின் மெர்டேக்கா அரங்கில் நடைபெற்றது. 1957இல் விடுதலைப் பிரகடனம் ஒலித்த அதே அரங்கு. ஏப்ரல் 6ஆம் நாள் தென்கொரியாவை 2-1 என்று மலேசியா வென்றது. அணிக்குத் தலைவர் சோ சின் ஆன் என்னும் சீனர். தற்காப்பில் அவருக்குத் துணைநின்றவர் சந்தோக் சிங் என்னும் சீக்கியர். கோல் காப்பாளர் ஆறுமுகம் என்னும் தமிழர். வெற்றிக் கோலை அடித்த ஜேம்ஸ் வோங்கும், அதற்குப் பந்தை வழங்கிய ஹசன் சானியும் கடலுக்கப்பாலுள்ள சபா மாநிலத்தவர். 1969 மே 13ஆம் நாள் இதே கோலாலம்பூர் இனக்கலவரத்தில் எரிந்தது. பதினோராண்டுகள்கூட முழுதாய்க் கழியவில்லை. அந்நகரத்து மக்கள் அன்றிரவு ஒரே குரலில் ஆர்ப்பரித்ததன் பொருளை வெளியார் நாம் முழுமையாக உணர்தல் அரிது.

ஆயினும் அவ்வீரர்கள் மாஸ்கோவுக்குச் செல்லவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து அமெரிக்கா தொடங்கிய புறக்கணிப்பில் மலேசியாவும் சேர்ந்தது. அவர்களுடைய இடத்தில் ஈராக் ஆடிற்று. வியர்வை சிந்தி ஈட்டிய உரிமையை நாட்டின் பெயரால் விட்டுக்கொடுத்த அம்மனிதர்களுக்குத் திரைப்படம் ஓர் ஆறுதல் என்பதில் ஐயமில்லை.

படத்தின் சிறப்பை மறுப்போமல்லோம். அதில் வரும் கோல் காப்பாளன் முத்து தன் வீட்டில் தமிழ் பேசுகிறான். அணித்தலைவன் தன் வீட்டில் சீனம் பேசுகிறான். ஆடுகளத்தில் மலாயும் ஆங்கிலமும் கலந்து ஒலிக்கின்றன. வீடு திரும்பியதும் அவரவர் தாய்மொழி அவரவர் நாவில் வந்து அமர்கிறது. இதுவன்றோ அந்நாட்டின் உண்மையான ஓசை! மொழியை மாற்றிக்கொண்டு ஒன்றானவர்கள் அல்லர் இவர்கள். அவரவர் மொழியோடு வந்து ஒன்றானவர்கள். அந்த ஓசையைத்தான் விழாவினர் தராசில் இட்டு நிறுத்தார்கள். எழுபதுக்குக் குறைகிறது என்று தள்ளினார்கள்.

மலாய் நாட்டின் மொழி, அதனை வளர்ப்பது தவறா என்று கேட்போர் உண்டு. நேர்மையான கேள்விதான். மலேசிய அரசமைப்பின் 152ஆம் பிரிவு மலாயைத் தேசிய மொழியாக நிறுத்துகிறது. மலாய் மொழிப் படத்துக்கென்று ஒரு பரிசு வைத்தால் யாரும் குறைகூறப் போவதில்லை. ஆனால் அதே பிரிவு பிற மொழிகளைப் பேசுவதையோ கற்பதையோ கற்பிப்பதையோ எவரும் தடுக்கலாகாது என்றும் சொல்கிறதே! ஒரு மொழிக்கு மாலை சூட்டுவது வேறு; மற்ற மொழிகளையெல்லாம் 'அல்லாத' என்ற ஒரே சொல்லால் கட்டி மூலையில் வைப்பது வேறு. 'அல்லாத' என்னும் பெயரைப் பெற்றவன் அந்த வீட்டில் என்றைக்கும் விருந்தாளிதான்.

மக்கள் வாளாவிருக்கவில்லை என்பது நமக்கு மகிழ்ச்சி. எதிர்ப்புக் குரல் கொடுத்தவருள் மலாய்க் கலைஞரே பலர். சி.ஐ.எம்.பி. வங்கி விழாவுக்களித்த ஆதரவை விலக்கிக்கொண்டது. சில நாள்களில் விழாவினர் இறங்கிவந்து, சிறந்த மலேசியப் படம் என்ற பரிசை எல்லா மொழிகளுக்கும் பொதுவாக்கினர். மலாய் மொழிப் படத்துக்குத் தனிப்பரிசு வைத்தனர். முதலிலேயே செய்திருக்கவேண்டியது இது.

விழாவினரை மட்டும் குறைசொல்லிப் படத்தை விட்டுவிட நமக்கு மனமில்லை. நாட்டைவிட்டுப் புறப்படவிருக்கும் ஓர் இளம்பெண் பழைய ஆட்டக்காரர்களின் கதையைத் தேடிக் கேட்பதாகப் படம் தொடங்குகிறது. படித்த இளையோர் ஏன் தாய்நாட்டைத் துறக்க நினைக்கின்றனர் என்ற வினாவைக் கையிலெடுத்துவிட்டு, அதன் ஆழத்துக்கு இறங்காமல் ஒரு வெற்றியைக் காட்டி அவளைத் தேற்றிவிடுகிறார்கள். எதிரில் கொரியர் நிற்கும்வரை ஒற்றுமை எளிது. ஊதல் ஒலித்து ஆட்டம் முடிந்தபின், பள்ளியிலும் வேலையிலும் வீட்டு வாடகையிலும் அல்லவா அதற்குச் சோதனை? பெயர் விவகாரம் இன்னொன்று. மறக்கப்பட்டவர்களை நினைவூட்ட வந்த படம் அவர்களுக்கு வேறு பெயர் சூட்டியிருக்கிறது. கற்பனைக்கு அவ்வுரிமை உண்டு, ஒப்புகிறோம். ஆனாலும் முத்துவுக்காகக் கைதட்டிய சிறுவர்க்கு ஆறுமுகத்தை யார் சொல்வார்? நீண்ட கைகளால் பந்தைத் தாவிப் பற்றியதால் 'சிலந்தி மனிதர்' என்றழைக்கப்பட்ட அவர் 1988இல் சாலை விபத்தில் மாண்டார். வயது முப்பத்தைந்து.

எல்லா மொழிக்கும் பொதுவான அப்பரிசு 2016 செப்டம்பரில் யாருக்குக் கிடைத்தது தெரியுமா? 'ஓலா போலா'வுக்கன்று. ஷான்ஜேய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' என்னும் தமிழ்ப்படத்துக்கு. ரப்பர்த் தோட்டத்திலிருந்து பெயர்ந்து வந்த ஏழைத் தமிழ்க் குடும்பமொன்றின் சிறுவன் அப்போயின் கதை அது. அங்கே கொடியில்லை, கோப்பையில்லை, ஆர்ப்பரிக்கும் கூட்டமில்லை. 'ஜகாட்' என்ற அந்தத் தலைப்போ தமிழ்ச் சொல்லன்று. கெட்டவன் என்று பொருள்படும் 'ஜஹாட்' என்னும் மலாய்ச் சொல், தோட்டத்துத் தமிழர் நாவில் ஏறித் திரிந்த வடிவம் அது. அதனை எந்த விழுக்காட்டில் சேர்ப்பார்கள்?