உதவிப் பணம் நின்னா விவசாயத் தொழில்நுட்பமும் நின்னுடுமா? ஆப்பிரிக்காவின் சோயா சொல்லும் கதை

அமெரிக்க அதிபர் டிரம்ப், 2025 ஜனவரி 20-ம் தேதி பதவியேற்ற அன்றே வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு நிறுத்திவைத்தார். அதில் அடிபட்டவற்றில் ஒன்று, இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சோயா ஆய்வகம். யுஎஸ்எய்டு நிதியில் 2013 முதல் ஆப்பிரிக்க நாடுகளில் வேலை செய்துவந்த ஆய்வகம் இது.

அங்கே என்ன செய்தாங்க?

முக்கியமா ரெண்டு வேலை. ஒண்ணு, எந்த சோயா ரகம் எந்த ஊர் மண்ணுக்கு ஒத்துவரும் என்ற சோதனை. இன்னொன்று மெஷின். கானாவின் சிறு விவசாயிகள் பலர் சோயா செடியை குச்சியால் அடித்துத்தான் விதையைப் பிரிப்பார்கள். இதற்கான மெஷினை கப்பலில் அனுப்பாமல், உள்ளூர் பட்டறைக்காரர்களுக்கே செய்யக் கற்றுக்கொடுத்தது ஆய்வகம்.

பணம் நின்றதும் என்ன ஆச்சு?

2025 ஏப்ரலில் ஆய்வகத்தை மூடும் நிலை வந்தது. பிறகு கிடைத்த தனியார் நன்கொடையில் ஒரு பகுதி வேலை மட்டும் தொடர்ந்தது. பட்டறைக்காரர் கற்ற தொழில் அவரிடமே இருக்கும். மெஷின் பழுதானாலும் அவரே வெல்டிங் வைத்துவிடுவார். ஆனால் ரக சோதனை அப்படியில்லை. பல பருவங்கள் தொடர்ந்து விதைத்து, கணக்கெடுக்கணும். அதற்கு ஆள் வேணும், சம்பளம் வேணும்.

இந்தியாவுக்கு என்ன சம்பந்தம்?

1960-ல் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, அமெரிக்க உதவித் திட்டத்தின் கீழ் கைகொடுத்ததும் இதே இல்லினாய்தான். பந்த்நகரிலும் ஜபல்பூரிலும் அமெரிக்க சோயா ரகங்கள் சோதிக்கப்பட்டன. 1967-லேயே அகில இந்திய சோயா ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. 1987-ல் இந்தூரில் தனி ஆராய்ச்சி மையமும் வந்தது. அதனால் அமெரிக்கக் குழு கிளம்பிய பிறகும் வேலை நிற்கவில்லை. சம்பளம் கொடுத்தது நம்ம அரசு. இன்று மத்தியப் பிரதேசமும் மகாராஷ்டிராவும் சோயாவில் முன்னணி.

எல்லாமே திட்டப்படி நடந்ததா?

இல்லை. ஏழைகளுக்கு மலிவான புரதம் என்பதுதான் அன்றைய நோக்கம். ஆனால் பெரும்பகுதி எண்ணெய்க்கும், கோழி, கால்நடைத் தீவனத்துக்கும் போகிறது. எண்ணெய் எடுத்த மாவில் கொஞ்சம்தான் மீல் மேக்கராக நம்ம குழம்புக்கு வருது.

இனி ஆப்பிரிக்காவில்?

உதவி நின்ற இடத்தில் சொந்த அரசு பணம் போட்டால்தான் ஆராய்ச்சி பிழைக்கும். பட்ஜெட்டில் 10 சதவீதத்தை விவசாயத்துக்கு ஒதுக்குவதாக ஆப்பிரிக்க நாடுகள் 2003-ல் மபுடோவில் உறுதியளித்தன. பெரும்பாலான நாடுகள் இன்னும் அதை எட்டவில்லை.