கொடுத்ததைக் கொடுத்தபடியே

விஞ்ஞானம் வழங்கிய சொற்களுள் சில, கடைத்தெருவுக்கு வந்ததும் தம் பொருளை இழந்து விடுகின்றன. 'இழப்பில்லா ஒலி' என்பது அத்தகையதொரு சொல். புளூ-ரே வட்டின் உறையில் 'டால்பி ட்ரூஎச்டி' என்றோ, 'டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ' என்றோ பொறித்திருப்பதைக் காண்கிறோம். அதைப் பெருமையாகப் பேசித் திரிவோர் உண்டு. "காதுக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லையே, எல்லாம் வாணிகத் தந்திரம்" என்று தள்ளி விடுவோரும் உண்டு. இரு சாராரும் ஒன்றை மறந்து விடுகின்றனர். அச்சொல் காதின் இன்பத்தைப் பற்றிய புகழுரை அன்று. கணக்கைப் பற்றிய உறுதிமொழி. "என்னிடம் எதைக் கொடுத்தீர்களோ, அதை ஒரு பிட் கூடக் குறையாமல் திருப்பித் தருவேன்" என்பதே அந்த உறுதிமொழி. அதன் அருமையை உணர்ந்து, அவ்வகை வட்டுகளை நம் சங்கம் விலைக்கு வாங்கிப் பேண வேண்டும் என்பதே இங்கே என் கருத்து.

முதலில் கணக்கைப் பார்ப்போம். திரைப்பட ஒலியை எண்களாக்கும் போது, ஒவ்வொரு வினாடியிலும் 48,000 முறை அதன் உயரத்தை அளந்து குறிக்கிறார்கள். ஒவ்வோர் அளவும் 24 பிட்டுகளால் எழுதப்படுகிறது. அதாவது 1,67,77,216 படிகளுள் எந்தப் படி என்று குறிக்கப்படுகிறது. '5.1' என்று நாம் சொல்வது ஆறு தடங்கள். முன்னே இடம், நடு, வலம் என மூன்று; பக்கங்களில் இரண்டு; இடி முழக்கம் போன்ற தாழ்ந்த ஒலிக்கென்று தனியாக ஒன்று. 48,000-ஐ 24-ஆலும் 6-ஆலும் பெருக்குங்கள். வினாடிக்கு 69 இலட்சத்து 12 ஆயிரம் பிட்டுகள்! இரண்டு மணி நேரப் படமென்றால் ஒலிக்கு மட்டும் ஏறத்தாழ 6.2 கிகாபைட் வேண்டும்.

1996-இல் வெளிவந்த டிவிடியின் ஓர் அடுக்கில் அடங்குவதோ 4.7 கிகாபைட்தான். அதிலே படத்தையும் வைத்தாக வேண்டும். படத்துக்கே இடம் போதாத வீட்டில் ஒலிக்கு எங்கே இடம்? ஆகவே டிவிடியில் டால்பி டிஜிட்டல் ஒலிக்குப் பெரும்பாலும் வினாடிக்கு 384 அல்லது 448 கிலோபிட் என்ற அளவே ஒதுக்கப்பட்டது. 448 என்றே வைத்துக் கொண்டாலும், மூல ஒலியின் பதினைந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு அது.

பதினைந்து பங்கை ஒரு பங்காக்கியது எப்படி? மனிதக் காதின் பலவீனத்தை அறிந்து செய்த வேலை அது. ஓர் ஒலி பலமாக எழும்போது, அதற்கு அருகில் உள்ள மெல்லிய ஒலி நம் காதில் விழுவதில்லை. கேட்காத ஒலிக்கு இடமெதற்கு என்று அதை நீக்கி விடுகிறார்கள்; சிலவற்றை மதிப்பாகக் குறித்துக் கொள்கிறார்கள். அறிவு நிறைந்த முறைதான். அதை நான் இகழவில்லை. ஆயினும் நீக்கியது நீக்கியதே. எந்த மந்திரத்தாலும் அது திரும்பாது.

விடுமுறை முடிந்து ஊரிலிருந்து இங்கே திரும்பும் நாம், பெட்டி கட்டும் விதத்தை நினைத்துப் பாருங்கள். இடம் போதாதபோது, "இது இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம்" என்று சிலவற்றை வீட்டிலேயே விட்டு வருவது ஒரு முறை. துணிகளை நன்றாக மடித்து, செருப்புக்குள் காலுறையையும், பாத்திரத்துக்குள் சிறு டப்பாவையும் திணித்து, எல்லாவற்றையும் கொண்டு வருவது மற்றொரு முறை. முன்னது இழப்புள்ள சுருக்கம். பின்னது இழப்பில்லாச் சுருக்கம். விடுதியில் பெட்டியைத் திறந்தால், கட்டி வைத்த அத்தனையும் இருக்கும்.

இந்த மடிப்பு வேலையைக் கணிப்பொறி எங்ஙனம் செய்கிறது? ஒலி என்பது தாறுமாறாகத் துள்ளும் எண்களின் கூட்டமன்று. ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கும் அலை. 1000, 1004, 1008 என்று மூன்று அளவுகள் வந்தால், அடுத்தது 1012 ஆகலாம் என்று நம்மாலேயே ஊகிக்க முடியும். உண்மையில் வந்தது 1013 என்று வைத்துக் கொள்வோம். 1013 என்ற பெரிய எண்ணை எழுத வேண்டியதில்லை. ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாடாகிய 1 என்பதை எழுதினால் போதும். திறக்கும் கருவிக்கும் அதே ஊக விதி தெரியும். அதுவும் 1012 என்று ஊகித்து, 1-ஐக் கூட்டி, 1013 என்று சரியாக எழுதிக் கொள்ளும்.

வேறுபாடுகள் பெரும்பாலும் சிறிய எண்களாகவே இருக்கும். அடிக்கடி வரும் சிறிய எண்ணுக்குக் குறுகிய குறியும், அரிதாக வரும் பெரிய எண்ணுக்கு நீண்ட குறியும் தருகிறார்கள். பழைய தந்தி முறையிலும் இந்த அறிவு இருந்தது. ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் 'ஈ' என்ற எழுத்துக்கு மோர்ஸ் ஒரே ஒரு புள்ளியைத் தந்தாரன்றோ? மேலும், ஒரே முரசின் ஒலி இடப்பக்கத் தடத்திலும் வலப்பக்கத் தடத்திலும் விழுந்திருந்தால், அதை இருமுறை எழுதாமல், ஒன்றை எழுதி மற்றதற்கு வேறுபாட்டை மட்டும் குறிக்கலாம். அமைதியான காட்சிக்குச் சில பிட்டுகளே போதும். குண்டு வெடிக்கும் காட்சிக்கு மிகுதியாக வேண்டும். ஆகவே இம்முறையில் பிட்டுகளின் வேகம் நிலையாக நில்லாமல், காட்சிக்குக் காட்சி ஏறி இறங்கும்.

டால்பி ட்ரூஎச்டியின் அடிப்படை, பிரிட்டனில் மெரிடியன் நிறுவனம் உருவாக்கிய முறை. 2000-ஆம் ஆண்டில் கடைக்கு வந்த டிவிடி-ஆடியோ என்னும் இசை வட்டுகளில் அது முன்னரே இருந்தது. 2006-இல் புளூ-ரே வந்தது. ஓர் அடுக்குக்கு 25 கிகாபைட், இரண்டடுக்குக்கு 50. இடப் பஞ்சம் நீங்கியது. ட்ரூஎச்டி வினாடிக்கு 18 மெகாபிட் வரையிலும், டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ 24.5 மெகாபிட் வரையிலும் செல்லலாம் என்று வகுத்தார்கள்.

இரண்டுக்கும் போக்கிலே ஒரு வேறுபாடு உண்டு. டிடிஎஸ் முறையில் உள்ளே ஒரு கரு இருக்கிறது. அது பழைய இழப்புள்ள டிடிஎஸ். அக்கருவுக்கும் மூலத்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அதன்மேல் ஒரு போர்வையாக வருகிறது. பழைய கருவி கருவை மட்டும் படிக்கும். புதிய கருவி இரண்டையும் கூட்டி மூலத்தையே பெறும். ட்ரூஎச்டியோ தன்னளவில் முழுமையானது. பழைய கருவிகளுக்காக வழக்கமான டால்பி டிஜிட்டல் தடம் ஒன்று அதன் பக்கத்திலேயே தனியாக வைக்கப்படுகிறது. வழி இரண்டானாலும் சேருமிடம் ஒன்றே. ஒரே மூலத்தை இருவரிடமும் கொடுத்தால், இருவரும் அதே எண்களைத்தான் திருப்பித் தருவர். "டிடிஎஸ் சிறந்ததா, டால்பி சிறந்ததா?" என்று விடுதியில் நள்ளிரவு வரை வாதிடும் நண்பர்களே, இழப்பில்லா முறைகளைப் பொறுத்தவரை அவ்வாதத்துக்கு இடமே இல்லை!

வேறுபாடு கேட்டதாகச் சொல்பவர் பொய் சொல்கிறாரா? அன்று. ஒலியின் உயரம் இரண்டிலும் சமமாக இருந்திராது. சற்று உரக்க ஒலிப்பதை நம் காது 'சிறந்தது' என்று எண்ணிக் கொள்ளும். டால்பி முறைகளில் உரையாடலின் உயரத்தைச் சமப்படுத்தும் குறிப்பு ஒன்று உண்டு; அதனால் மொத்த ஒலியும் தாழ்ந்து கேட்கலாம். உயரத்தைச் சமமாக்கி விட்டு ஒப்பிட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் தராசைச் சுழிக்குக் கொணராமல் எடை பார்ப்போமா?

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருவோம். "வினாடிக்கு 640 கிலோபிட் டால்பி ஒலியையும் இழப்பில்லா ஒலியையும் சமமான உயரத்தில் வைத்தால், நம்மில் பெரும்பாலோர்க்கு வேறுபாடு தெரியாது. பின் ஏன் இந்த ஆரவாரம்?" என்பர். முதற்பாதியை நான் மறுக்கவில்லை. விடுதி அறையின் மின்விசிறி ஓசைக்கு நடுவே அந்த நுட்பமெல்லாம் யார் காதில் விழப் போகிறது? ஆனால் அந்த முதற்பாதியிலிருந்து அவர்கள் கொள்ளும் முடிவு பிழையானது.

அச்சான நூலொன்றை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் நல்ல சுருக்கத்தைப் படித்தாலே கதை விளங்கி விடுகிறது. அதனால் மூலத்தை எரித்து விடலாமா? மூலம் இருந்தால் நூறு சுருக்கங்கள் செய்யலாம்; நூறு சுருக்கங்கள் இருந்தாலும் ஒரு மூலம் செய்ய முடியாது. இழப்புள்ள ஒலியை மறுபடி வேறு முறைக்கு மாற்றினால் இழப்பின்மேல் இழப்பு சேரும். இழப்பில்லா ஒலியையோ எத்தனை முறை மாற்றினாலும், முதல் நாள் இருந்தது இருந்தபடியே இருக்கும். அது உண்மைதானா என்பதைச் சுவையாலோ புகழாலோ தீர்மானிக்க வேண்டியதில்லை. இரு கோப்புகளையும் பிட்டுக்குப் பிட்டு ஒப்பிட்டுக் கணிப்பொறியே சொல்லி விடும். சரிபார்க்கக் கூடிய உண்மை என்பது மாணவர்க்குச் சிறு பொருளா?

இன்று அந்த மூலம் மக்கள் கைக்கு எட்டும் வழி குறுகி வருகிறது. பெரிய ஓடிடி தளங்கள் படங்களின் சூழொலியை இழப்புள்ள முறையிலேயே அனுப்புகின்றன. நெட்ஃபிளிக்ஸ் 2019-இல் தன் ஒலித்தரத்தை உயர்த்தியபோது அறிவித்த உச்ச அளவு, 5.1 ஒலிக்கு 640 கிலோபிட். அட்மாஸ் ஒலிக்கு 768 கிலோபிட். உயர்த்திய பின்னும், நாம் முன்னே கண்ட மூல அளவில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே அது நிற்கிறது. அதே நிறுவனம் அமெரிக்காவில் அஞ்சல் வழியே வட்டு அனுப்பும் பணியை 2023 செப்டம்பரில் நிறுத்தி விட்டது. வட்டு நம் அலமாரியில் இருந்தால் நம்முடையது. தளத்தில் இருக்கும் படமோ, உரிமைக் காலம் முடிந்ததும் ஒருநாள் இல்லாமற் போகும். வாடகை வீட்டில் மரம் வளர்ப்பது போன்றதே அது.

இது நம் தமிழ்ப் படங்களையும் தொடும் செய்தி. அட்மாஸ் ஒலியை இந்தியத் திரைக்கு முன்னோடியாகக் கொணர்ந்த படங்களுள் ஒன்று, 2012-இல் வந்த 'சிவாஜி' முப்பரிமாணப் பதிப்பு. தொழிலிலே நம்மவர் பின்தங்கியவர் அல்லர். ஆனால் திரையரங்கில் ஒலித்ததை வீட்டிலே குறையாமல் வைத்துப் பேணுவதில் நாம் பின்தங்கியவர்களே. தமிழ்ப் படங்களில் புளூ-ரேயாக வந்தவை மிகச் சில. டிவிடியோடு நின்றவை மிகப் பல. வாங்குவோர் இருந்தால்தானே வெளியிடுவோர் இருப்பர்? "நல்ல பதிப்பு வரவில்லையே" என்று ஏங்குவோர், வந்த சிலவற்றையாவது வாங்கினோமா என்று தம்மையே கேட்டுக் கொள்ளட்டும்.

வாங்கும்போது எச்சரிக்கையும் வேண்டும். 'இழப்பில்லா' என்ற சொல் பேணுதலுக்கு உறுதி தருமே ஒழிய, பேணப்படும் பொருளின் தரத்துக்கு உறுதி தராது. ஸ்டூடியோ தந்த மூலமே தேய்ந்ததானால், அந்தத் தேய்மானமும் ஒரு பிட் குறையாமல் நமக்கு வந்து சேரும். ஒற்றைத் தடத்தில் பதிவான பழைய படத்தைச் செயற்கையாக ஆறு தடமாக்கி விற்பதைவிட, அந்த ஒற்றைத் தடத்தையே இழப்பின்றித் தருவது நேர்மை.

கருவியிலும் சில செய்திகள் உண்டு. பழைய ஆப்டிகல் கம்பி வழியே இழப்பில்லாச் சூழொலி செல்லாது, எச்டிஎம்ஐ வேண்டும். தொலைக்காட்சி வழியாக ஒலியைத் திருப்பி அனுப்புவதானால் 'ஏஆர்சி' போதாது. 'இஏஆர்சி' இருக்க வேண்டும். வட்டைப் படிக்கும் கருவியே ஒலியை விரித்து அனுப்பினாலும், ஆம்ப்ளிஃபயர் விரித்தாலும், வரும் எண்கள் ஒன்றே. தங்கமுலாம் பூசிய கம்பிக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். பிட்டுக்குத் தங்கமும் தெரியாது, தகரமும் தெரியாது.

நம் சங்கத்தின் அலமாரியில் தமிழ் நூல்கள் இருக்கின்றன. அவற்றைச் சுருக்கங்களாக வாங்கி வைக்கவில்லை. முழு நூல்களாகவே வாங்கினோம். அவற்றின் பக்கத்தில் ஒரு தட்டை வட்டுகளுக்கு ஒதுக்குவோம். ஆண்டுதோறும் ஐந்தாறு வட்டுகள் சேர்ந்தாலும் போதும். படிக்கும் கருவி ஒன்றும், எளிய ஒலிபெருக்கிகளும் மெல்ல மெல்லச் சேரட்டும். ஒலிபெருக்கி பழுதானால் மாற்றிக் கொள்ளலாம். நல்ல காது படைத்த மாணவர் அடுத்த ஆண்டு வரலாம். நல்ல அறை பின்னொரு நாள் கிடைக்கலாம். அன்று அவர்கள் கேட்க விரும்பும் ஒலி முழுமையாக இருக்க வேண்டுமென்றால், அதை இன்று நாம் வாங்கி வைத்திருக்க வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகவே கொண்டு வர எண்ணியிருக்கிறேன். மறுப்போர் மறுக்கட்டும், உடன்படுவோர் கை உயர்த்தட்டும்.