வேவர்லித் தோட்டத்தைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்

பழைய ஆங்கிலக் கதைகளில் யாராவது அதிர்ந்துபோய் 'கிரேட் ஸ்கொட்!' என்று கூவுவார்கள். அந்த ஸ்கொட், நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்கொட்தான் என்று விளக்குவோர் பலர். மலையகத்திலிருந்து பார்த்தால் அது நம்பும்படியாகவே இருக்கிறது. அக்கரப்பத்தனையில் வேவர்லித் தோட்டம் உண்டு. 1814இல் வந்த அவருடைய நாவலின் பெயர் அது. திம்புள்ளப் பக்கம் அபோட்ஸ்போர்ட். அவர் கட்டிக் குடியிருந்த மாளிகையின் பெயர். கினிகத்தேனைக்குப் போனால் கெனில்வர்த். அதுவும் அவர் நாவல்தான். துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர் ஏராளம். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்த ஊர்க்காரரே. பிறகென்ன சந்தேகம் என்று கேட்கத் தோன்றும்.

சந்தேகம் நிறையவே இருக்கிறது. தோட்டப் பெயர்கள், மிஞ்சிப்போனால், துரைமாரின் அபிமானத்தைக் காட்டும். ஒரு வியப்புச்சொல் பிறந்த கதையைக் காட்டாது. கெனில்வர்த் என்பது நாவலுக்குப் பல நூற்றாண்டு முந்திய கோட்டையும்கூட. பெயர் வைத்தவர் எதை நினைத்து வைத்தாரோ! (அந்த மலைகளில் கொழுந்து எடுத்தவர்களின் பெயரில் எத்தனை தோட்டம் இருக்கிறது என்று கேட்டால் அது வேறு வழக்கு.)

காலக்கணக்கும் ஒத்துவரவில்லை. வால்டர் ஸ்கொட் 1832இல் இறந்தார். இந்தச் சொல்லோ 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான், அதுவும் அமெரிக்க எழுத்தில், தெளிவாகத் தலைகாட்டுகிறது. டெய்லர் தேயிலை போட்ட அதே 1867இல் ஜோன் வில்லியம் டி போரஸ்ட் என்ற அமெரிக்கர் ஒரு நாவல் வெளியிட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் படையில் இருந்தவர். அந்த நாவலில் வரும் இராணுவ அதிகாரி, தளபதி ஸ்கொட்டின் பெயரால் சிப்பாய்கள் ஆணையிடும் வழக்கம் இது என்றே சொல்கிறார். அந்தத் தளபதி வின்பீல்ட் ஸ்கொட்: 1847இல் மெக்சிகோ நகரைப் பிடித்தவர், 1852இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றவர். ஆறடிக்கு மேல் உயரம்; கடைசிக் காலத்தில் குதிரை ஏற முடியாத பருமன். 'கிரேட்' என்ற அடைமொழி அவர் உடம்புக்கே பொருந்தும்.

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்னைச் சாட்சிக்கு இழுப்பவர்களும் உண்டு. அவருக்கு வால்டர் ஸ்கொட்டைப் பிடிக்காது. 1889இல் வந்த தன் நாவலில் இந்தச் சொல்லை வைத்து அவரைக் குத்தினார் என்பார்கள். குத்தியிருக்கலாம். ஏற்கெனவே புழங்கும் சொல்லை வைத்துத்தானே கேலி செய்ய முடியும்?

கடவுள் பெயரை வீணே சொல்லக்கூடாது என்ற அச்சத்தில் அதே ஒலிச்சாயலில் வேறு சொல் போடுவது ஆங்கிலம் பேசுவோரின் பழக்கம். 'கொஷ்' அப்படி வந்ததுதான். 'கிரேட் கோட்' என வரவேண்டிய இடத்தில் தளபதியின் பெயர் வசதியாக அமைந்தது என்றே நான் கருதுகிறேன். தளபதி கதையும் முடிந்த முடிபல்ல. ஆனால் அதற்கு எழுத்தில் ஒரு சாட்சி இருக்கிறது, நாவலாசிரியர் கதைக்கு அதுவும் இல்லை.

'கிரேட் ஸ்கொட்' என்பதைப் புகழ்ச்சி என்று நினைப்பதும் பிழை. யாரையும் உயர்த்திப் பேசும் சொல்லல்ல. திகைப்பும் கொஞ்சம் பதற்றமும் கலந்த கூவல். 1985இல் வந்த 'பேக் டு த பியூச்சர்' படத்தின் கிழட்டு விஞ்ஞானி அதைக் கத்துவதும் அப்படித்தான்.

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் ஆங்கிலம் படிப்பிக்கும் ஆசிரியர்களே, பாடத்தில் இந்தச் சொல் வந்தால் 'அட கடவுளே!' என்று பொருள் சொல்லிவிட்டு மேலே போங்கள். வால்டர் ஸ்கொட்டை இலக்கியப் பாடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.