முதலில் எண்ணுவோம்: ஆரணிக் கடைவீதியில் வண்டி நிறுத்தம் பற்றி எங்கள் நிலைப்பாடு

ஆரணிக் கடைவீதியில் வண்டி நிறுத்த இடமில்லை என்று எல்லோரும் சொல்கிறோம். எத்தனை இடம் இருக்கிறது, எத்தனை வண்டி வருகிறது, வந்தது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டால் கணக்கோடு பதில் சொல்பவரைக் காண்பது அரிது. கடைக்காரர் வாடிக்கையாளரைக் குறை சொல்கிறார், வாடிக்கையாளர் தள்ளுவண்டிக்காரரை, தள்ளுவண்டிக்காரர் காரில் வருபவரை. காவலர் வந்து நாலு வண்டிக்கு அபராதம் எழுதிவிட்டுப் போனால் அடுத்த அரை மணியில் அதே இடத்தில் வேறு நாலு வண்டி நிற்கிறது.

நெசவாளர்கள், கடைக்காரர்கள், கடைவீதிக்குப் பின்தெருக்களில் குடியிருப்பவர்கள் என மூன்று தரப்பும் சேர்ந்த எங்கள் சங்கம் இதில் தன் நிலைப்பாட்டைப் பொதுமக்கள் முன் வைக்கிறது. காந்தி சாலை, மார்க்கெட் சாலை, அவற்றை ஒட்டிய கடைத்தெருக்கள், பழைய பேருந்து நிலையச் சுற்றுப்புறம் ஆகியவற்றில் தெருவோர வண்டி நிறுத்தத்தின் இருப்பும் தேவையும் முறையாக ஆய்வு செய்யப்பட வேண்டும். நகராட்சியும் போக்குவரத்துக் காவல் துறையும் நெடுஞ்சாலைத் துறையும் சேர்ந்து அதைச் செய்ய வேண்டும். முடிவுகள் மக்கள் முன் வைக்கப்படும் வரை புதிய கட்டணம், நிரந்தரத் தடை, அடுக்குமாடி வாகன நிறுத்தம் எதையும் முடிவு செய்யக் கூடாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆரணி நகரின் மக்கள் 63,671 பேர். கடைவீதிக்கு வருகிறவர்கள் அந்த எண்ணிக்கைக்குள் அடங்க மாட்டார்கள். சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றுவட்டார மக்களுக்கு நகை, மருந்து, வங்கி, மளிகை எல்லாவற்றுக்கும் ஆரணிதான். ரயிலில் வந்து இறங்கலாம் என்றால் ஆரணி ரோடு என்று பெயர் வைத்த நிலையம் களம்பூரில் இருக்கிறது. ஆகவே பேருந்து, இல்லாவிட்டால் சொந்த வண்டி. ஆற்காட்டிலிருந்து விழுப்புரம் போகும் மாநில நெடுஞ்சாலையும் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. அரிசி ஆலைகளுக்கு நெல் ஏற்றி வரும் லாரிகள் வேறு. கோட்டையும் ஜாகீரும் இருந்த காலத்து ஊர் இது. பழைய தெருக்களின் அகலம் காருக்காக அளந்ததில்லை.

இவ்வளவும் தெரிந்ததுதான். நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. பட்டு வியாபாரம் நடக்கும் ஊரில் வண்டிகள் நிற்கும் நேரம் மற்ற ஊர்களைப் போல இருக்காது.

ஒரு நெசவாளர் மொபெட்டில் வருகிறார். தறியிலிருந்து அறுத்த சேலையை வெள்ளைத் துணியில் சுற்றி முன்னால் வைத்திருக்கிறார். மாஸ்டர் வீவர் கடையில் சேலையை விரித்துப் பார்ப்பார்கள், எடை போடுவார்கள், கூலிக் கணக்கு எழுதுவார்கள். அடுத்த சேலைக்கான பட்டு நூலும் ஜரிகையும் வாங்கிக்கொண்டு அவர் கிளம்பிவிடுவார். கால் மணி நேரம், மிஞ்சினால் முக்கால் மணி. அந்த நேரத்துக்கு வாசலில் இடம் கிடைக்காமல் இரண்டு தெரு தள்ளி வண்டியைப் போட்டுவிட்டு, தூறலில் சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் நடக்க வேண்டியிருக்கிறது. பட்டில் ஒரு சொட்டுக் கறை விழுந்தால் அந்த நஷ்டம் அவர் கூலியில்தான் கழியும்.

அதே கடைக்கு எதிரே ஒரு வேன் வந்து நிற்கிறது. பெண் வீட்டார் முகூர்த்தச் சேலை எடுக்க வந்திருக்கிறார்கள். இரண்டு மூன்று கடை ஏறி இறங்க வேண்டும், வெளிச்சத்தில் கொண்டுவந்து நிறம் பார்க்க வேண்டும், பெரியவர்கள் சம்மதிக்க வேண்டும். மூன்று மணி நேரம் என்பது சாதாரணம். பெருநகரத்தில் போடுவதைப் போல ஒரு மணி நேர வரம்பை இங்கே கொண்டுவந்து வைத்தால் அவர்கள் அடுத்த முறை நேரே காஞ்சிபுரம் போய்விடுவார்கள். புவிசார் குறியீடு பெற்ற பட்டை நெய்யும் ஊர், வாங்க வந்தவரை வாசலிலிருந்து திருப்பி அனுப்ப முடியாது.

மருந்துக் கடைக்கு வருகிறவருக்கு ஐந்து நிமிடம் போதும். சரக்கு இறக்கும் குட்டியானைக்கு இருபது நிமிடம் வேண்டும். இவர்கள் எல்லோரும் வருவதற்கு முன்பே காலையில் வந்து, இரவு கடை அடைக்கும் வரை அசையாமல் நிற்கும் வண்டிகள் உண்டு. அவை எங்களுடையவை, கடைக்காரர்களுடையவையும் கடை ஊழியர்களுடையவையும். ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து மணி நேரம் ஒரே கார் நின்றால் அந்த இடம் அன்று ஒருவருக்குப் பயன்பட்டது. அரை மணிக்கு ஒரு வண்டி மாறினால் இருபது பேருக்குப் பயன்படும். இடம் ஒன்றுதான், சாலையை ஓர் அடிகூட அகலப்படுத்தவில்லை. இந்த வித்தியாசம் ஆரணியில் எவ்வளவு என்பதை எண்ணிப் பார்க்காமல் எந்தத் திட்டமும் போடக் கூடாது என்பதே எங்கள் வாதத்தின் மையம்.

எண்ணுவது கடினமான வேலையும் இல்லை. முதலில் சாலையோரத்தை நாடாவால் அளக்க வேண்டும். சந்து முனை, பேருந்து நிற்கும் இடம், டிரான்ஸ்ஃபார்மர், கோயில் வாசல், வீட்டு வாசல் எல்லாவற்றையும் கழித்த பிறகு மிச்சம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். காருக்கு நீளவாக்கில் 6 மீட்டர் வைத்தால் 100 மீட்டர் ஓரத்தில் 16 கார் நிற்கும். அதே ஓரத்தில் இருசக்கர வண்டிகளைக் குறுக்காக வரிசையாக நிறுத்தினால் 100-க்கும் மேல் நிற்கும். இதுவே இருப்புக் கணக்கு. தேவைக் கணக்குக்கு, அரை மணிக்கு ஒருமுறை ஒருவர் தெருவை நடந்து நிற்கும் வண்டிகளின் பதிவெண்ணில் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் குறித்துக்கொண்டு வர வேண்டும். அடுத்த சுற்றில் அதே எண் அதே இடத்தில் இருந்தால் அது போகவில்லை என்று பொருள். காலையிலிருந்து இரவு வரை இப்படி நடந்தால் எந்த நேரத்தில் எவ்வளவு நிறைகிறது, ஓர் இடம் நாளுக்கு எத்தனை முறை கைமாறுகிறது, யார் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பது தாளில் வந்துவிடும். யாருடைய பெயரும் விலாசமும் தேவையில்லை. தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அதன் மாணவர்களை இதில் ஈடுபடுத்தலாம். அவர்களுடன் நடக்க எங்கள் உறுப்பினர்களை அனுப்புகிறோம்.

எந்த நாளில் எண்ணுவது என்பதில்தான் பல ஆய்வுகள் தவறிவிடும். ஆடியில் கல்யாணம் கிடையாது. மார்கழியிலும் அப்படியே. அந்த மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றைப் பிடித்து எண்ணினால் ஆரணியில் இடம் தாராளமாக இருப்பதாகத் தெரியும். ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தைய ஞாயிறும் தீபாவளிக்கு முந்தைய வாரமும் வேறு கதை. ஆடியிலேயே படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகும் கூட்டம் வெள்ளிக்கிழமைகளில் ஊரைக் கடந்து போகும். ஆகவே வியாபாரம் மந்தமான நாள், சாதாரண நாள், முகூர்த்தக் காலத்து நாள் என்று மூன்று வகையிலும் எண்ண வேண்டும். தீபாவளி வாரத்துக்கு மட்டும் தற்காலிக ஏற்பாடு செய்தால் போதும் என்று கணக்கு சொன்னால், வருடத்தில் மற்ற நாளெல்லாம் காலியாகக் கிடக்கும் கட்டடத்துக்கு நகராட்சிப் பணத்தைக் கொட்ட வேண்டிய அவசியம் இருக்காது.

ஆய்வின் எல்லை கடைவீதியோடு நின்றுவிடக் கூடாது. பெரிய சாலையில் தடை போட்டால் வண்டிகள் மறைந்துவிடுவதில்லை, பின்தெருவுக்குள் நுழைகின்றன. பின்தெருக்களில் தறி இருக்கிறது. பாவு விரித்துப் பதம் பார்க்க நெசவாளர்களுக்குத் தெருவே களம். மூன்று சேலைக்கான பாவு என்றால் 18 மீட்டருக்குக் குறையாது. அதை இழுத்துக் கட்டும் வழியில் ஒரு கார் நின்றால் அன்றைய காலை வேலை போயிற்று, அந்தக் காருக்குச் சொந்தக்காரர் எந்தக் கடையில் இருக்கிறார் என்று தேடிக்கொண்டு அலைய வேண்டும். எனவே நெசவாளர் தெருக்களில் அதிகாலையிலிருந்தே எண்ண வேண்டும். வண்டியை மட்டும் எண்ணாமல் பாவு விரிக்கும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

கட்டடங்களுக்குள்ளும் பார்க்க வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019, வணிகக் கட்டடங்களில் வாகனம் நிறுத்த இடம் விட வேண்டும் என்கின்றன. அனுமதி வரைபடத்தில் வாகன நிறுத்தம் என்று காட்டிய கீழ்த்தளம் இன்று குடோனாக இருக்கிறதா என்று கட்டடம் கட்டடமாகச் சரிபார்க்க வேண்டும். எங்கள் உறுப்பினர்களின் கட்டடங்களிலிருந்தே தொடங்கட்டும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் 1935 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் வைக்கப்பட்டது. அங்கும் கடைத்தெருவில் வேலை செய்பவர்களின் கார்களே நாள் முழுக்க இடத்தை அடைத்துக்கொண்டு நிற்க, வாங்க வந்தவர்களுக்கு இடமில்லாமல் போனது. மணிக்கு 5 சென்ட் கட்டணம் வைத்தார்கள். பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005-இல் வெளியிட்ட நூலில் சொன்ன அளவுகோல் இன்று பல நகரங்களில் பயன்படுகிறது: தெருவோர இடங்களில் 85 சதவீதம் நிறைந்திருந்து, வருகிறவருக்கு ஒன்றிரண்டு இடம் எப்போதும் காலியாக இருப்பது சரியான நிலை. அவர் எடுத்துக்காட்டிய பசடேனா நகரின் பழைய கடைத்தெருவில் 1993-இல் மீட்டர் வைத்தபோது, வந்த பணத்தை அதே தெருவின் நடைபாதைக்கும் விளக்குக்கும் செலவிட்டார்கள். வியாபாரிகள் ஒப்புக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

கட்டணத்துக்கு நாங்கள் எதிரிகள் இல்லை. நகர்ப்புற நிலத்தின் மதிப்பை வாகன நிறுத்தக் கட்டணம் காட்ட வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே சொல்கிறது. சாலையோரம் ஊர்ப் பொதுச் சொத்து, அதை நாள் முழுக்க ஒருவர் இலவசமாக வைத்துக்கொள்வது நியாயமில்லை. ஆனால் ஏலம் எடுத்தவர் ஆளை நிறுத்தி, ரசீது கொடுத்தும் கொடுக்காமலும் வசூலிக்கும் குத்தகை முறையை ஏற்க மாட்டோம். ஆய்வுக்குப் பிறகு கட்டணம் தேவை என்று தெரிந்தால் இருசக்கர வண்டிக்கு முதல் ஒரு மணி நேரம் இலவசமாக இருக்க வேண்டும். கட்டணம் நேரம் கூடக் கூட உயர வேண்டும். வசூலான தொகையும் செலவும் அதே தெருவில் பலகையில் எழுதி வைக்கப்பட வேண்டும். கழிப்பறையும் நடைபாதையும் அந்தப் பணத்தில்தான் முதலில் வர வேண்டும்.

ஆய்வு என்ன சொன்னாலும் மாறாத இரண்டு விஷயங்கள் உண்டு. நடைபாதையை வண்டிக்குக் கொடுக்கக் கூடாது. முதியவரும் கைக்குழந்தையோடு வருபவரும் சாலையில் இறங்கி நடப்பதைத் தீர்வு என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்தது, தெருவோர வியாபாரிகளை அப்புறப்படுத்தி அந்த இடத்தில் கார் நிறுத்தும் திட்டத்துக்கு நாங்கள் கையெழுத்திட மாட்டோம். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அந்தக் குழுவைக் கலக்காமல் ஒரு தள்ளுவண்டியைக்கூட நகர்த்தக் கூடாது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 117-ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்பைக் கலந்து வண்டி நிறுத்தும் இடங்களை வரையறுக்க வழி செய்கிறது. அதாவது அதிகாரம் இருக்கிறது. சாலை ஒருவரிடமும் அபராதப் புத்தகம் இன்னொருவரிடமும் சாக்கடையும் குப்பையும் வேறொருவரிடமும் இருப்பதால் பொறுப்புதான் சிதறிக் கிடக்கிறது. மூன்று துறைக்கும் சேர்த்து ஒரே அலுவலரை நியமித்து, ஆய்வு முடியும் தேதியை அறிவிக்கக் கோருகிறோம்.

எங்கள் பங்கை நாங்கள் உடனே தொடங்குகிறோம். எங்கள் உறுப்பினர்கள் தங்கள் வண்டிகளையும் ஊழியர்களின் வண்டிகளையும் கடை வாசலில் நிறுத்தாமல், சற்றுத் தொலைவில் வாடகைக்கு எடுக்கும் காலி மனையில் நிறுத்துவார்கள். வாசலில் விடுபடும் இடம் சேலை கொண்டுவரும் நெசவாளருக்கும் வாங்க வருபவருக்கும். மற்ற கடைக்காரர்களும் இதில் சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஆடி மந்தத்தையும் ஆவணி நெரிசலையும் ஒரே ஆய்வில் எண்ணிவிட முடியும். அதற்கு ஆடி பிறக்கும் முன்பே நகராட்சி உத்தரவு பிறப்பிக்க வேண்டும்.