பற்றரியின் மேல் பழி

கொழும்பில் ஒரே திருகலில் உயிர்பெறும் எனது பழைய டீசல் கார், ஜனவரி விடியலொன்றில் நுவரெலியாவில் இயங்க மறுத்தது. 1868 மீற்றர் உயரம், புல்லெல்லாம் உறைபனி. கராஜ்காரர் பார்த்த மாத்திரத்திலேயே பற்றரியை மாற்றச் சொன்னார். மாற்றினேன். மறுநாளும் அதே கதைதான்.

பழைய பற்றரியிலும் இயந்திரம் வேகமாகவே சுழன்றது, வெண்புகையும் வந்தது. அப்படியாயின் டீசல் வந்து சேர்கிறது, எரிவதற்கான வெப்பந்தான் போதவில்லை. (புகையே இல்லையெனில் எரிபொருள் வரும் வழியைத் தேடவேண்டும்.) குளிரில் அவ்வெப்பத்தைத் தருபவை குளோ பிளக்குகள். அவற்றின் பழுதைக் கொழும்பின் வெக்கை மறைத்திருந்தது.

இணைப்புத் தகட்டைக் கழற்றி, சோதனை விளக்கின் ஒரு முனையைப் பற்றரியின் நேர்முனையிலும் மறுமுனையை ஒவ்வொரு பிளக்கிலும் வைத்தேன். நான்கில் மூன்றுக்கு விளக்கு எரியவில்லை. சில நிமிட வேலை! இதைச் செய்யாது பற்றரி விற்பவரை மெக்கானிக் என்றழைக்க எனக்கு மனமில்லை. நான்கு பிளக்குகளையும் மாற்றினேன். மறுநாட் காலை முதல் திருகலிலேயே கார் புறப்பட்டது.