காரணம் கேட்பது குற்றமா?

நியூயார்க் மாநகரின் புரூக்ளின் பகுதியில், சன்செட் பார்க் என்னும் பேட்டையின் 43-ஆவது தெருவில், ஆல்கு, ஆல்கு தோயினென் என்று இரண்டு சிறிய அடுக்குமாடிக் கட்டடங்கள் இருக்கின்றன. ஆல்கு என்றால் பின்லாந்து மொழியில் ஆரம்பம் என்று பொருள். பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த பின்லாந்துக்காரர்கள், தங்கள் சேமிப்பை ஒன்றுதிரட்டி, இலாபம் கருதாது, 1916-இல் தமக்கென எழுப்பிக்கொண்ட கூட்டுறவு இல்லங்கள் அவை. அமெரிக்காவில் இவ்வகைக் குடியிருப்புகளுக்கு முன்னோடி என மதிக்கப்பட்டு, சரித்திரச் சிறப்புடைய இடங்களின் தேசியப் பதிவேட்டிலும் இடம்பெற்றவை.

அந்நகரின் பழைய கூட்டுறவுக் கட்டடமொன்றில் வீடு விலைக்கு வருகிறதென்றால், அங்கே விக்கிரயமாவது சுவரும் தரையும் அல்ல. கட்டடம் முழுவதும் கூட்டுறவுச் சங்கத்தின் சொத்து. வாங்குகிறவருக்குக் கிடைப்பவை சில பங்குகளும், அவற்றோடு பிணைந்த குத்தகை உரிமையுமே. வரி, கடன், குளிர்காலத்துக்கு வேண்டிய வெப்பம், கூரைப் பழுது ஆகிய அனைத்தையும் மாதந்தோறும் அங்கத்தினர் செலுத்தும் பராமரிப்புத் தொகையே தாங்குவதால், சில குடும்பங்களே வாழும் சிறு கட்டடத்தில் ஒருவர் தவணை தவறினாலும் அந்தப் பாரம் அண்டை வீட்டார் தலையில் வந்து விழுகிறது. ஆகையால், புதிதாக வருகிறவரின் வருமானத்தையும் கடன்களையும் நிர்வாகக் குழுவினர் பரிசீலிப்பதும், நேரில் அழைத்துப் பேசுவதும் நியாயமே என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை.

ஆனால், பரிசீலித்தபின் நிராகரிக்கிறவர்கள் அதற்குரிய காரணத்தைச் சொல்லாமல் மௌனம் சாதிப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. இனம், மதம் முதலியவற்றைக் கொண்டு பேதம் பாராட்டலாகாது என்று சட்டம் தடுத்திருந்தாலும், அந்தத் தடைக்கு உட்பட்டுக் காரணம் எதுவுமின்றியே சம்மதத்தை மறுக்கச் சங்கத்துக்கு உரிமையுண்டு என்று நியூயார்க் மாநிலத்தின் தலைமை அப்பீல் நீதிமன்றம் 1959-இல் தீர்ப்பளித்தது. காரணமே வெளிப்படாதபோது, பேதம் பாராட்டப்பட்டதா இல்லையா என்பதை விண்ணப்பித்தவர் எங்ஙனம் அறிவார்? ஒரு கையால் வழங்கிய பாதுகாப்பை மறு கையால் மறைத்து வைப்பதற்கே இது ஒப்பாகும். வாங்க வந்தவர் மட்டுமன்றி, விற்க முனைந்த அங்கத்தினரும் என்ன குறை என்றறியாமல் அடுத்தவரைத் தேட நேர்கிறது.

காரணத்தை எழுதிக் கொடுத்தால் வழக்குகள் பெருகும், ஊதியமின்றி உழைக்கும் குழுவினர் அல்லற்படுவர் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அந்த அச்சத்தை நான் இலேசாக எண்ணவில்லை. எனினும், வருமானம் போதவில்லை, கடன் மிகுதி என்பன போன்ற நேர்மையான காரணங்கள் எழுத்தில் இருப்பதே அக்குழுவினருக்கு உற்ற கவசம். எழுதக் கூசும் காரணமோ, மனத்திற்குள்ளும் இருக்கத் தகுதியற்றது.

அதே நகரத்தில், உரிமையாளர்கள் கைவிட்டுப் போன கட்டடங்களைத் தாங்களே பேணி நின்ற ஏழை வாடகைதாரர்கள், 1970-களின் இறுதியில் தொடங்கிய நகராட்சித் திட்டத்தின்கீழ், வீடொன்றுக்கு 250 டாலர் கொடுத்துக் கூட்டுறவு உரிமையாளர் ஆயினர். பின்லாந்துத் தொழிலாளரும் இவர்களும், தனித்தனியே தமக்கு எட்டாத வீட்டைக் கூடி நின்று பெற்றவர்கள். அவ்வாறு உண்டான ஸ்தாபனம், வாசலில் வந்து நிற்கும் அடுத்த மனிதரை ஏற்க இயலாவிடில், குறித்த நாட்களுக்குள் காரணத்தை எழுத்தில் தருதல் வேண்டும். அதைச் சட்டமே விதித்தல் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.